நாராவின் பெரிய புத்தருக்குக் கண் திறந்தவர் யார்?

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

இன்னைக்கு நாம போகப்போற ஊர் நாரா. க்யோட்டோவிலிருந்து கிந்தெட்சு ரயில்ல ஏறினா முக்கால் மணி நேரத்துக்குள்ள போயிடலாம். ஜப்பான் போற நம்ம ஆட்கள் நிறைய பேர் இதை ஒரு அரை நாள் ட்ரிப்பா வச்சுக்கிறாங்க. காலையில போய், மானுக்கு பிஸ்கட் போட்டு, பெரிய புத்தரைப் பார்த்து, நாலு போட்டோ எடுத்துட்டு, சாயங்காலம் க்யோட்டோ திரும்பிடுவாங்க. என் திட்டமும் அதேதான்.

தோதாய்ஜி கோயில்ல புத்தரை அண்ணாந்து பார்த்துட்டு நின்னேன். பக்கத்துல வயசான ஒரு தன்னார்வ வழிகாட்டி. எந்த நாடுன்னு கேட்டார். இந்தியான்னு சொன்னதும் அவர் முகம் மலர்ந்துடுச்சு. தன் கண்ணைத் தொட்டுக் காட்டினார், அப்புறம் புத்தரோட கண்ணைக் காட்டினார், அப்புறம் என்னைக் காட்டி "போதாய்சென்னா" அப்படின்னார். எனக்கு ஒண்ணும் புரியலை. தலையை மட்டும் ஆட்டி வச்சேன்.

ராத்திரி ஹோட்டல்ல தேடிப் பார்த்தப்போதான் புரிஞ்சது. போதாய்சென்னாங்கறது போதிசேனா. 752-ஆம் ஆண்டு அந்தப் புத்தர் சிலைக்குக் கண் திறந்து வைத்தவர், தென்னிந்தியாவிலிருந்து போன ஒரு பிக்கு. மறுநாள் இதை எங்க குடும்ப குரூப்ல போட்டேன். அஞ்சு நிமிஷத்துல சித்தப்பா ஒரு ஃபார்வர்டு அனுப்பினார்: "ஜப்பானுக்கே கண் திறந்த மதுரைத் தமிழன்! பெருமையோடு பகிருங்கள்!"

பெருமைப்பட எனக்கும் ஆசைதான். ஆனா அந்த ஃபார்வர்டை நம்பி உள்ளே போகப் போக, வேற ஒரு கதை வந்தது. அதைத்தான் இன்னைக்குச் சொல்லப்போறேன்.

நோய் வந்த துறைமுகம்

நாராவோட பழைய பெயர் ஹெய்ஜோ-க்யோ. 710-ல் ஜப்பானின் தலைநகரானது. சீனாவின் தாங் பேரரசுத் தலைநகரான சாங்-ஆனைப் பார்த்து, சதுரங்கக் கட்டம் போலத் தெருக்களைப் போட்டுக் கட்டிய ஊர். இன்னைக்கும் க்யோட்டோ பக்கமிருந்து ரயில்ல வந்தா, நாரா ஸ்டேஷனுக்குக் கொஞ்சம் முன்னாடி ரயில் ஒரு பெரிய வெட்டவெளிக்கு நடுவுல ஓடும். அதுதான் அந்தக் கால அரண்மனை இருந்த இடம். ஜன்னல் வழியா சிவப்புத் தூண்களோட சுசாகு வாசல் தெரியும். 1998-ல் திரும்பக் கட்டினது.

724-ல் ஷோமு என்ற இளைஞர் பேரரசர் ஆனார். பதினோரு வருஷம் கழிச்சு, 735-ல், தெற்கே க்யூஷு தீவில் ஒரு நோய் தொடங்கியது. பெரியம்மை. தொடங்கிய இடம் தஸாய்ஃபு. சீனாவிலிருந்தும் கொரியாவிலிருந்தும் வர்ற கப்பல்களை வரவேற்கிற அரசு அலுவலகம் இருந்த ஊர். இன்னைய கணக்குக்கு இமிக்ரேஷன் கவுன்ட்டர்னு வச்சுக்கோங்க.

கொஞ்ச நாள் அடங்கின மாதிரி இருந்தது. 737-ல் மறுபடி கிளம்பி, இந்த முறை தலைநகருக்குள்ளேயே வந்துவிட்டது. கொரியாவின் சில்லா நாட்டுக்குப் போன தூதுக்குழு திரும்பி வரும்போதே நோயோடதான் வந்தது. தலைமைத் தூதர் வழியிலேயே இறந்துபோனார். அப்போது அரசாங்கத்தையே நடத்திக்கொண்டிருந்தவர்கள் ஃபுஜிவாரா குடும்பத்து அண்ணன் தம்பிகள் நான்கு பேர். ஒரே வருஷத்தில் நான்கு பேரும் போய்ச் சேர்ந்தார்கள். ஜப்பான் மக்கள் தொகையில் நாலில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை அழிந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். கோவிட் பார்த்த நமக்கே இந்தக் கணக்கு மனசுல ஏறாது. உங்க தெருவுல மூணு வீட்டுக்கு ஒரு வீடு காலின்னு யோசிச்சுப் பாருங்க.

இப்போ தேதிகளைக் கவனிங்க. 735-ல் நோய் முதல் முறை வருது. 737-ல் இரண்டாம் முறை. இந்த இரண்டுக்கும் நடுவே, 736-ல், அதே தஸாய்ஃபுவுக்கு சீனாவிலிருந்து திரும்பிய ஜப்பானியத் தூதுக்குழுவின் கப்பலில் சில வெளிநாட்டார் வந்து இறங்கினார்கள். சீனாவைச் சேர்ந்த பிக்கு தாவோசுவான். இன்றைய வியட்நாமின் நடுப்பகுதியில் இருந்த சம்பா நாட்டைச் சேர்ந்த ஒரு பிக்கு. ஜப்பானில் அவர் பெயர் புத்தெத்சு. மூன்றாவது ஆள் போதிசேனா. அப்போ அவருக்கு வயசு சுமார் 32.

வெளிநாட்டுக் கப்பல்னாலே ஊர் நடுங்கியிருக்க வேண்டிய நேரம் அது. நோய் எந்த வாசல் வழியா வந்துச்சோ, அதே வாசல் வழியாத்தான் இவங்களும் வந்தாங்க. ஆனா ஷோமுவின் அரசு வாசலைச் சாத்தவில்லை. இவர்களை அழைத்துக்கொண்டு வந்து, தலைநகரின் மிகப் பெரிய கோயில்களில் ஒன்றான தாய்யான்ஜியில் தங்க வைத்தது. படியளந்தது. பாடம் சொல்லித் தரச் சொன்னது.

அவர் மதுரைக்காரரா?

சித்தப்பா விஷயத்துக்கு வருவோம். போதிசேனாவைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் முக்கியமான பகுதி, அவர் இறந்து பத்து வருஷம் கழிச்சு அவருடைய சீடர் எழுதிய ஒரு நினைவுக் குறிப்பிலிருந்து வருது. அதில் அவருக்கான பட்டமே "தென் தென்ஜிகுவின் பிராமண குருத்தலைவர்" என்ற பொருளில் இருக்கிறது. தென்ஜிகு என்றால் அன்றைய ஜப்பானியர்களுக்கு இந்தியா. அதாவது, தென்னிந்தியா என்று சொல்கிறார்கள், அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஊர்ப் பெயர் கிடையாது. மதுரை என்பது பின்னால் நாம் சேர்த்துக்கொண்டது.

தமிழ்நாட்டுப் பக்கமிருந்து ஒருத்தர் போயிருக்க வாய்ப்பே இல்லையா? தாராளமா இருக்கு. அந்தக் காலத்தில் காஞ்சியைத் தலைநகராகக் கொண்டிருந்த பல்லவர்கள் சீனாவோடு தொடர்பில் இருந்தார்கள். 720-ல் தென்னிந்திய அரசர் ஒருவர் தூது அனுப்பியதாக சீனப் பதிவுகள் சொல்கின்றன. அவர் ராஜசிம்ம பல்லவர் என்பது ஆய்வாளர்களின் கருத்து. அதாங்க, காஞ்சி கைலாசநாதர் கோயிலைக் கட்டினவர். காஞ்சியோடு தொடர்புடைய வஜ்ரபோதி என்ற பிக்கு கிட்டத்தட்ட அதே சமயத்தில் கடல் வழியாக சீனா போய்ச் சேர்ந்திருக்கிறார். ஆக, பாதை இருந்தது. ஆனா பாதை இருந்ததுங்கறதுக்காக, அதுல நடந்து போன ஒவ்வொருத்தரையும் நம்ம தெருக்காரர்னு சொல்ல முடியாது இல்லையா?

இன்னொரு விஷயமும் சுத்துது: ஜப்பானிய எழுத்து வரிசையைத் தமிழர்தான் சொல்லிக் கொடுத்தார்னு. ஜப்பானிய வரிசை இப்படிப் போகும்: அ, இ, உ, எ, ஒ. அப்புறம் க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. இதைக் கேட்டா யாருக்கும் ஒரு சிலிர்ப்பு வரும். ஏன்னா, நம்ம அரிச்சுவடி போற மாதிரியே போகுது. ஆனா இந்த ஒற்றுமைக்குக் காரணம் தனி ஆள் கிடையாது. பௌத்த மந்திரங்களைச் சரியா உச்சரிக்க, ஜப்பானியத் துறவிகள் தலைமுறை தலைமுறையாக சமஸ்கிருத எழுத்து முறையைப் படித்தார்கள். தொண்டையில் தொடங்கி உதடு வரை ஒலிகளை அடுக்குகிற அந்த முறை இந்திய எழுத்துகளுக்குப் பொது. தமிழுக்கும் அதுதான். ஆக, உறவு உண்மை. ஒரே தாத்தாவோட பேரப்பிள்ளைகள் மாதிரி. ஒருத்தர் இன்னொருத்தருக்கு அப்பா இல்லை.

புல் ஒன்று, மண் ஒரு பிடி

நோய் முடிந்ததும் நிம்மதி வரவில்லை. 740-ல் க்யூஷுவில் ஒரு கலகம். அதை அடக்கின பிறகும் ஷோமுவால் நாராவில் இருக்க முடியவில்லை. அஞ்சு வருஷத்துக்குள் தலைநகரைத் திரும்பத் திரும்ப மாற்றினார். இடையில் 743-ல் ஒரு அரசாணை: வைரோசன புத்தருக்கு மாபெரும் வெண்கலச் சிலை எழுப்பப் போகிறேன் என்று.

அந்த ஆணையில் இரண்டு விஷயங்கள் என்னை நிறுத்தின. ஒண்ணு, ஒரு புல்லையோ ஒரு பிடி மண்ணையோ கொண்டுவந்து யாராவது உதவ நினைத்தால், அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்கிறார். இரண்டாவது, இந்தப் பணியைச் சாக்காக வைத்து அதிகாரிகள் மக்களைத் துன்புறுத்தி வசூல் பண்ணக் கூடாது என்கிறார். அப்படிச் சொல்ல வேண்டியிருந்ததுன்னா, அப்படி நடக்கும்னு அவருக்கே தெரிஞ்சிருக்குன்னுதானே அர்த்தம்?

மக்களைத் திரட்ட ஒரு ஆள் வேண்டும். அரசு க்யோகி என்ற துறவியிடம் போனது. இதுல ஒரு வேடிக்கை. இந்த க்யோகி ஊர் ஊராகப் போய்ப் பாலமும் குளமும் கட்டி, சாதாரண மக்களிடம் நேரடியாகப் பிரசங்கம் செய்தவர். பின்னாடி பெரும் கூட்டம். "இவன் மக்களைக் கெடுக்கிறான்" என்று அதே அரசு அவரை முன்பு கண்டித்து அடக்கியது. இப்போ கூட்டம் தேவைப்பட்டதும் 745-ல் அவருக்கு நாட்டின் மிக உயர்ந்த குருபதவி! போதிசேனா நானிவா துறையில், அதாவது இன்றைய ஒசாகாவில் வந்து இறங்கியபோது எதிர்கொண்டு வரவேற்றவரும் இந்த க்யோகிதான் என்று மரபு சொல்கிறது.

சிலையை வார்த்த விதத்தைச் சொல்லியே ஆகணும். உட்கார்ந்த நிலையில் சுமார் 15 மீட்டர் உயரம். ஐந்து மாடிக் கட்டடம் அளவு. முதலில் களிமண்ணில் முழு உருவம். அதற்கு வெளி அச்சு. பிறகு அச்சைக் கழற்றி, களிமண் உருவத்தை வெண்கலத்தின் கனம் அளவுக்குச் சுரண்டி, அச்சைத் திரும்பப் பொருத்தி, அந்த இடைவெளியில் உருகிய வெண்கலத்தை ஊற்றுவது. ஒரே தடவையில் முடியாது. அடியிலிருந்து எட்டு அடுக்காக, 747 முதல் 749 வரை. ஒவ்வொரு அடுக்கு முடிந்ததும் சுற்றிலும் மண்ணைக் கொட்டி மேடாக்கி, அதன் மேல் உலைகளை ஏற்றி அடுத்த அடுக்கு. கடைசியில் புத்தர் ஒரு மண் குன்றுக்குள் புதைந்திருப்பார். அப்புறம் அந்தக் குன்றைத் தோண்டி எடுத்தால் சிலை.

இதற்கு மட்டும் சுமார் 500 டன் செம்பு. மேலே பூசத் தங்கம் வேண்டுமே? ஜப்பானில் தங்கம் கிடைக்காது என்றே நினைத்திருந்தார்கள். 749-ல் வடக்கே முத்சு மாகாணத்தில் தங்கம் கிடைத்தது. ஷோமு புத்தர் சிலையின் முன் நின்று, தன்னை மும்மணிகளின் அடிமை என்று அறிவித்துக்கொண்டார். தங்கத்தைப் பாதரசத்தில் கரைத்துப் பூசி, நெருப்பு காட்டி, பாதரசத்தை ஆவியாக்குவது அந்தக் கால முறை. ஆவியாகிற பாதரசம் நஞ்சு. அதை முகத்துக்கு நேரே வைத்து வேலை பார்த்தவர்களின் பெயர் எந்தப் பட்டியலிலும் கிடையாது.

பெயர் இருக்கிற சிலரைப் பார்ப்போம். சிலை வேலைக்குத் தலைமை தாங்கியவர் குனினாகா நோ கிமிமாரோ. கொரியாவின் பெக்ஜே நாடு வீழ்ந்தபோது ஜப்பானுக்கு அகதியாக வந்த ஒருவரின் பேரன். தங்கம் கொண்டுவந்த மாகாண ஆளுநர் க்யோஃபுகு, அதே பெக்ஜேயின் அரச குலத்து வாரிசு. கூட்டம் சேர்த்த க்யோகியின் குடும்பமும் பெக்ஜே வழி வந்ததுதான். ஜப்பானின் தேசியச் சின்னம் மாதிரி இன்னைக்கு நிக்கிற சிலை இது. அதைச் செய்த கைகளில் பல, ரெண்டு மூணு தலைமுறைக்கு முன்னால் கப்பலில் வந்த கைகள்.

ஒரு தூரிகை, ஆயிரக்கணக்கான கைகள்

752-ஆம் ஆண்டு, நான்காம் மாதம், ஒன்பதாம் நாள். கண் திறப்பு விழா. நம்ம ஊரில் ஸ்தபதி தங்க உளியால் சிலைக்குக் கண் திறப்பார் இல்லையா, அதுவரைக்கும் அது வெறும் கல்தானே? அங்கேயும் அதே நம்பிக்கை. உளிக்குப் பதில் தூரிகை. கண்ணில் மணியை எழுதினால் சிலைக்கு உயிர்.

ஷோமு அதற்குள் பதவியை மகளுக்குக் கொடுத்துவிட்டார். உடம்பு சரியில்லை. தங்கப் பூச்சு முடியவில்லை, ஆனா காத்திருக்கவும் முடியவில்லை. கண்ணை அவர்தான் எழுதியிருக்க வேண்டும். தன்னால் இயலவில்லை, எனக்குப் பதிலாக நீங்கள் செய்ய வேண்டும் என்று போதிசேனாவுக்குக் கடிதம் அனுப்பினார். ஊரில் எத்தனையோ ஜப்பானிய குருமார்கள் இருக்க, பதினாறு வருஷம் முன்னாடி கப்பலில் வந்தவரிடம் அந்தத் தூரிகை போனது. புத்தர் பிறந்த நாட்டிலிருந்து வந்தவர் என்பது அவர்களுக்கு அவ்வளவு பெரிய விஷயம்.

தூரிகையில் நீளமான நீல நிறக் கயிறு கட்டியிருந்தார்கள். போதிசேனா மேலே நின்று கண்ணை எழுதும்போது, கீழே கூடியிருந்தவர்கள் அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். அன்று வந்திருந்த துறவிகள் மட்டும் 10,000 பேர் என்கிறது அரசுப் பதிவு. கயிற்றைத் தொட்டவர்களும் கண் திறந்தவர்கள் ஆகிறார்கள். புல் ஒன்று, மண் ஒரு பிடி என்று சொன்ன அதே மனசுதான் இது. அந்தத் தூரிகையும் கயிறும் நாராவின் ஷோசோஇன் களஞ்சியத்தில் இன்னைக்கும் இருக்கு. 1,270 வருஷத்துக்கு மேல ஆச்சு!

விழாவில் ஆட்டம் பாட்டும் உண்டு. சம்பாவிலிருந்து வந்த புத்தெத்சு கற்றுக்கொடுத்த நடனங்கள் அரண்மனை இசை மரபில் தொடர்ந்தன என்கிறார்கள். கிகாகு என்ற முகமூடி நாடகமும் நடந்தது. அந்த முகமூடிகளும் ஷோசோஇன்னில் உள்ளன. கிகாகுவின் வழக்கமான பாத்திரங்களில் ஒருவர் யார் தெரியுமா? பிராமணர். இந்தியாக்காரர். 13-ஆம் நூற்றாண்டு இசை நூல் ஒன்றின்படி, அவர் மேடையில் வந்து குழந்தையின் பீத்துணி துவைப்பார். கூட்டம் சிரிக்கும்.

இதைப் படிச்சப்போ நானும் சிரிச்சேன், அப்புறம் கொஞ்சம் யோசிச்சேன். வெளிநாட்டுக்காரன் ஒரே ஊரில் தெய்வத்துக்குக் கண் திறக்கிறவனாகவும் இருக்கிறான், மேடையில் கோமாளியாகவும் இருக்கிறான், போன வருஷம் நோய் கொண்டுவந்தவனாகவும் இருக்கிறான். மூணும் ஒரே நேரத்தில். வேலைக்காக வேற ஊர், வேற நாடு போன யாருக்கும் இது புரியும்னு நினைக்கிறேன்.

பில் கட்டியது யார்?

இதை ஒரு அழகான கதையா இங்கேயே முடிச்சிடலாம். ஆனா முடிக்கக் கூடாது. விழா முடிந்து ஐந்து வருஷம் கழித்து, 757-ல், ஆட்சிக் கவிழ்ப்புச் சதியில் மாட்டினார் நாராமாரோ என்ற பிரபு. ஏன் இப்படிச் செய்தாய் என்று விசாரித்தபோது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று: தோதாய்ஜியைக் கட்டி மக்கள் அவதிப்படுகிறார்கள். விசாரித்தவர் மடக்கினார்: அந்தக் கோயில் வேலை தொடங்கியதே உன் அப்பா அமைச்சராக இருந்த காலத்தில்தானே? நாராமாரோவிடம் பதில் இல்லை. அரசு தன் கையாலேயே எழுதிய வரலாற்றில் இந்த உரையாடல் இருக்கிறது. சதிகாரர் அதைத் தன் வசதிக்காகச் சொல்லியிருக்கலாம். ஆனா, மக்கள் அவதிப்படலைன்னு விசாரித்தவரும் சொல்லலை. அதை கவனிங்க.

இன்னைக்கு நாம பார்க்கிறது 752-ன் புத்தர் முழுசா இல்லை. 1180-ல் உள்நாட்டுப் போரில் கோயில் எரிந்தது. திரும்ப வார்க்க சீனாவிலிருந்து வந்த சென் ஹெச்சிங் என்ற உலோகக் கைவினைஞர் உதவினார். 1185-ல் மறுபடி கண் திறந்தவர் முன்னாள் பேரரசர் கோ-ஷிராகாவா. கையில் பிடித்தது போதிசேனா பயன்படுத்திய அதே தூரிகை. 1567-ல் இன்னொரு போர், இன்னொரு தீ. அதன் பிறகு நீண்ட காலம் புத்தர் ஒட்டுப்போட்ட தலையோடு வெட்டவெளியில் மழையில் உட்கார்ந்திருந்தார். இப்போதுள்ள தலை 17-ஆம் நூற்றாண்டுடையது. இப்போதைய மண்டபம் 1709-ல் முடிந்தது. முதலில் இருந்ததைவிட அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு குறைவு. அதுவே 57 மீட்டர்! ஆக, போதிசேனா எழுதிய கண் இப்போ அங்கே இல்லை. அவர் காலத்துச் சிலையின் மிச்சம் வேண்டுமென்றால், நிமிராமல் கீழே பாருங்க. பீடத்துத் தாமரை இதழ்கள் சிலவற்றில் அந்தக் காலத்துக் கோட்டோவியங்கள் இன்னும் தெரியும்.

நீங்க போனா

மானுக்கு பிஸ்கட் போடுங்க, தப்பில்லை. அது காசுகா கோயில் தெய்வம் வெள்ளை மானில் ஏறி வந்ததாகச் சொல்லும் கதையின் தொடர்ச்சி. ஆனா ஒரு நாள் முழுசா ஒதுக்குங்க. இலையுதிர் காலத்தில் போனால் நாரா தேசிய அருங்காட்சியகத்தில் ஷோசோஇன் பொருட்களின் கண்காட்சி நடக்கும். வருஷத்துக்கு ஒரு தடவை, சில வாரங்கள் மட்டும். ஒவ்வொரு வருஷமும் வேற வேற பொருட்கள். போதிசேனா தங்கிய தாய்யான்ஜி, ஊருக்குத் தெற்கே இன்னும் இருக்கு. ஒரு காலத்தில் வானளாவிய கோபுரங்கள் இருந்த இடம். இப்போ சின்னக் கோயில், கூட்டமே இல்லை.

மேற்குப் பக்கம் மலையடிவாரத்தில் ர்யோசென்ஜி என்று ஒரு கோயில். அந்த மலையைப் பார்த்ததும் போதிசேனாவுக்கு புத்தர் உபதேசம் செய்த கழுகுமலை ஞாபகம் வந்து அந்தப் பெயரை வைத்தார் என்று கோயில் மரபு சொல்கிறது. அவருக்கு அங்கே ஒரு நினைவுத் தூண் உண்டு. 760-ல் இறந்தார். 24 வருஷம் ஜப்பானில் வாழ்ந்து, ஒரு தடவைகூட ஊர் திரும்பவில்லை. கைகூப்பி மேற்கு நோக்கி உட்கார்ந்தபடி உயிர் பிரிந்தது என்று சீடர் எழுதியிருக்கிறார். மேற்கு என்றால் பௌத்தர்களுக்கு அமிதாப புத்தரின் சுவர்க்கம். ஜப்பானிலிருந்து பார்த்தால் இந்தியாவும் அந்தப் பக்கம்தான்.

சித்தப்பாவுக்கு என்ன பதில் போட்டேன்னு கேட்கிறீங்களா? "மதுரைன்னு எங்கேயும் எழுதலை சித்தப்பா, தென்னிந்தியான்னு மட்டும்தான் இருக்கு" அப்படின்னேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை. அப்புறம் வந்தது: "சரிடா, அங்க சோறு தண்ணி எல்லாம் ஒத்துக்கிச்சாமா அவருக்கு?"

அந்தக் கேள்வி எனக்கு அந்த ஃபார்வர்டைவிட ரொம்பப் பிடிச்சது. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.